சைக்கிளைக் குளிப்பாட்டியவர்

தென்காசி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அவர் பெயரை ஏழு வருஷம் என் கைப்பட எழுதியிருக்கிறேன். அட்டையில் பெயரும் ஊரும் எழுதி, ஓட்டை போட்டு, சணல் கோத்து, அவருடைய சைக்கிளின் ஹாண்டில்பாரில் கட்டிவிடுவது என் வேலை. ஆகவே பெயர் மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். இருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அறிந்ததில்லை. ஸ்டேஷனில் அவர் 'சைக்கிள் சார்'. குற்றாலத்தில் 'சைக்கிளக் குளிப்பாட்டுத சார்'. இந்தப் பட்டங்களால் அவருக்கு வருத்தம் இருக்குமோ என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. எவ்வளவு தப்பாக நினைத்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதக் கடைசியில்தான் முதலில் வந்தார். சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஸ்டேஷனுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். மெட்ராஸிலிருந்து வரும் காலை வண்டியில் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். படுக்கைச் சுருள், கூஜா, எண்ணெய்த் தூக்கு, அழுகிற பிள்ளை எல்லாம் இறங்கும். சைக்கிள் இறங்கியது அந்த வருஷம்தான்.

ஒல்லியான மனிதர். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு தோல் பை. ஊரெல்லாம் வேட்டி கட்டிய காலத்தில் தொளதொளவென்று ஒரு காக்கி பேண்ட். மெட்ராஸில் ஏதோ ஓர் ஆபீஸில் படம் வரைகிற உத்தியோகம் என்று பிறகு தெரிந்தது. வீடு, பாலம், வாய்க்கால் என்று கட்டப் போகிறவற்றை முதலில் காகிதத்தில் கட்டிக் காட்டுகிற வேலை. சைக்கிள் கறுப்பு, நல்ல கனம். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார். இடது மிதியில் மட்டும் ஒரு தோல் வார் வளையமாகத் தைத்திருந்தது. மெட்ராஸ் நாகரிகமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தென்காசியில் வாடகை சைக்கிளுக்கா பஞ்சம்? குதிரை வண்டி இருக்கிறது, பஸ் இருக்கிறது. மூன்று மைல் தள்ளியிருக்கும் குற்றாலத்துக்குப் போவதற்காக ஒரு மனிதர் மெட்ராஸிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் ஒரு சைக்கிளைக் கூட்டிக்கொண்டு வருவானேன்? அந்த முதல் வருஷமே கேட்டுவிட்டேன். மனதில் பட்டதைக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"உங்க ஊர் சைக்கிளுக்கு என்னைத் தெரியாதே" என்றார்.

கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பதிலையும் ஒரே மாதிரி நிதானமாகத்தான் சொல்வார்.

வண்டி வந்து நின்றதும் மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவர் இறங்க மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தலையை நீட்டி, வண்டியின் கடைசியிலிருக்கும் கார்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்சல்களும் சைக்கிளும் அதில்தான் வரும். போர்ட்டர் சுடலை அண்ணாச்சி சைக்கிளை இறக்கி, பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் உருட்டிக்கொண்டு வந்து, அவர் பெட்டியின் வாசலில் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுந்து வாசலுக்கு வருவார். எங்கள் பிளாட்பாரம் அப்போது தாழ்வு. பெட்டியின் படிகளில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். வலது கையால் ஹாண்டில்பாரைப் பிடித்த பிறகே இடது கையால் லக்கேஜ் ரசீதை என்னிடம் நீட்டுவார். பிடித்த பிடி விடாமல் இறங்குவார். ஊருக்குத் திரும்பும்போது இதே சடங்கு தலைகீழாக நடக்கும். முதலில் அவர் ஏறி வாசலில் நின்றுகொள்வார், பிறகுதான் சைக்கிள் கைமாறும். ராஜாவுக்குக் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது என்று சுடலை அண்ணாச்சி முணுமுணுப்பார். ஆனால் வேறு போர்ட்டர் யாரையும் அந்தச் சைக்கிளைத் தொட விட மாட்டார்.

எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆன ஒரு விஷயத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப் போனது. அந்தத் தொளதொளத்த பேண்ட் அதை மறைக்கத்தான். சைக்கிளைப் பிடித்து உருட்டிக்கொண்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. யாரோ ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்துவிட்டாலோ வலது காலே எல்லா வேலையும் பார்க்கும். இடது கால் அந்த வாருக்குள் சும்மா சுற்றி வரும். சைக்கிளை விட்டுவிட்டால் பத்தடி நடப்பதுகூடப் பெரும்பாடு. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடக்க வேண்டும். அப்படி நடப்பதை எங்கள் ஊரில் ஒருவர்கூடப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவர் இங்கே இருக்கும் பத்து நாளும் கட்டிக் காத்த ஒரே விஷயம். அதற்காகக் கிறுக்கர் என்று பெயர் வாங்கவும் தயாராக இருந்தார். வாங்கவும் வாங்கினார்.

குற்றாலத்தில் முதல் வருஷமே பிரசித்தியாகிவிட்டார். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஆட்கள் வரிசையாகப் பேரருவிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இவர் பேண்ட்டோடு, சைக்கிளையும் உருட்டிக்கொண்டு உள்ளே போனாராம். தண்ணீர் சாதுவாக விழுகிற ஓரமாகப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தி, அதன் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றுவிட்டார். சைக்கிள் மேலும் அருவி கொட்டுகிறது, அவர் மேலும் கொட்டுகிறது. ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த பண்ணையார் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"மனுசன் குளிக்க எடத்துல சைக்கிளுக்கு என்னய்யா சோலி?"

"அதுவும் என்னோடதான் ரயில்ல வந்தது. அதுக்கும் உடம்பு வலி இருக்காதா?" என்றாராம் இவர், தலையைத் தூக்காமலே.

அருவிச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்ததாம். அந்தப் பண்ணையாரே மறுநாள், "ஏ, சைக்கிளுக்கு வழி விடுங்கப்பா, அதுக்கு மேலு வலிக்காம்" என்று கூட்டத்தை ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் அங்கே யாராவது ஒருவருடன் சண்டை நடக்கும். அருவிக்கரை போலீஸ்காரர், தைலம் தேய்ப்பவர்கள், மங்குஸ்தான் விற்கிற ஆச்சி என்று ஒருவர் பாக்கி கிடையாது. சண்டை முடிந்ததும் அவர்களெல்லாம் இவருக்குச் சிநேகிதமாகிவிடுவார்கள்.

தங்குவதற்குக் கீழ்த்தள அறைதான் வேண்டும் என்பார். மாடியில் காற்று நன்றாக வரும் என்று விடுதிக்காரர் சொன்னால், சைக்கிளுக்கு மாடிப்படி ஆகாது என்பார். சைக்கிள் அறைக்குள்ளேயே கட்டிலை ஒட்டி நிற்குமாம். கல்யாணம் ஆகாத மனிதர், சைக்கிளையே கட்டிக்கொண்டார் என்று விடுதிக்காரர் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தது என் காதுக்கும் வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். மறைப்பானேன்?

ஒரு தடவை நானும் என் மனைவியும் அவரைக் காசி விசுவநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். கோபுர வாசல்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த வாசலில் காற்று எப்படி வீசும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆளையே உள்ளே தள்ளும். அவர் தலைமயிரெல்லாம் கோயிலுக்குள் போகப் பார்க்க, அவர் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஒரு கும்பிடு போட்டார்.

என் மனைவிக்கு இது பெரிய குற்றமாகப் பட்டது. "சாமியவிட சைக்கிளு பெருசாப் போச்சாக்கும்? அத யாரு களவாண்டுட்டுப் போப்போறா?" என்று என்னிடம் கேட்டாள், அவர் காதில் விழட்டும் என்றுதான்.

எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள் அம்மா, நான் வாசலில் காவல் இருக்கிறேன் என்றார் அவர். அவள் உள்ளே போய் அவருக்காகவும் கும்பிட்டுவிட்டுத் திருநீறு கொண்டு வந்து கொடுத்தாள். கண்ணை மூடிப் பூசிக்கொண்டார். வீடு வரும்வரை அவள், நல்ல மனுசன்தான், ஆனா ஒரு திருகு கழண்டிருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

எனக்கு அவரை ஏன் அவ்வளவு பிடித்துப் போனது என்றால், அந்த அட்டைகளால்தான். ஊருக்குத் திரும்புகிற அன்று வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே பார்சல் ஆபீஸுக்கு வந்துவிடுவார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, அதை ஒட்டினாற்போல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் அட்டையின் ஒரு பக்கம் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தால், அதை வாங்கி மறுபக்கம் பென்சிலால் ஏதாவது வரைவார். நான்கு கோட்டில் திரிகூட மலை வந்துவிடும். இன்னும் இரண்டு கோட்டில் அருவி விழும். ஒரு வருஷம் சுடலை அண்ணாச்சியின் மீசை மட்டும் வரைந்தார். முகமே இல்லாமல் அது சுடலை அண்ணாச்சியாகவே இருந்தது. ஐந்தாம் வருஷம் என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அன்று ஒரு தொட்டில் வரைந்தார், உள்ளே ஆள் இல்லாமல். அந்த அட்டையைச் சைக்கிளில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறொன்று எழுதிக் கட்டிவிட்டு அதை மேஜை டிராயரில் போட்டுக்கொண்டேன். ஐப்பசியில் எங்களுக்குப் பெண் பிறந்தது.

இந்தப் பிரியம்தான் ஆறாம் வருஷம் என்னை அந்தக் காரியம் செய்ய வைத்தது.

வருஷா வருஷம் நம்மைத் தேடி வருகிற மனிதர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த அலுப்போடு, சாரலில் நனைந்துகொண்டு குற்றாலம்வரை சைக்கிள் மிதிக்கிறார். ஒரு வருஷமாவது மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோய் விடுவோமே என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி கையில் பை இருந்தால் பிடுங்கி வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னும் இழுப்போம். நான் அதையே சைக்கிளுக்குச் செய்தேன். வண்டி வந்து நின்றதும் சுடலை அண்ணாச்சி சைக்கிளை இறக்கி, பின்கேட் வழியாக நேரே குற்றாலம் விடுதிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஸ்டேஷன் வாசலில் புதுப்பாய் விரித்த குதிரை வண்டி. அவர் பெட்டி வாசலில் நான், குதிரை வண்டிக்காரர், சூடான காப்பியோடு காண்டீன்காரர். வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர். எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்கள் கூட்டம் மறைத்ததில் சைக்கிள் போனது தெரியவில்லை போலிருக்கிறது. சைக்கிள் வந்திருக்கும் என்று நினைத்து வாசலுக்கு வந்தார்.

"சார், இந்தத் தடவ நீங்க மிதிக்கண்டாம். சைக்கிளு முன்னாலயே குத்தாலத்துக்குப் போயிட்டு. ஒங்களுக்குக் குதிர வண்டி நிக்கி. எறங்குங்க" என்றேன்.

அவருடைய வலது கை வழக்கமாக ஹாண்டில்பார் இருக்கிற இடத்துக்கு இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை காற்றில் தேடிப் பார்த்தது. பிறகு கதவோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

தனக்குச் செங்கோட்டைவரை போக வேண்டியிருக்கிறது, அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டும், சொல்ல மறந்துவிட்டேன் என்றார். நான் விடவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இறங்கிக் காப்பி குடியுங்கள் என்று கையைப் பிடிக்கப் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கார்டு விசில் ஊதிவிட்டார். அவர் கம்பியைப் பிடித்தபடி வாசலிலேயே நிற்க, வண்டி செங்கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது.

"மெட்ராஸ்காரன் பவுசக் காட்டிட்டாம்லா?" என்றார் குதிரை வண்டிக்காரர். எனக்கும் கோபம்தான். இவ்வளவு செய்தும் முகத்தில் அடித்த மாதிரி போய்விட்டாரே என்று காப்பியை நானே எடுத்துக் குடித்தேன். குடித்து முடித்தபோதுதான் வேறொன்று உறைத்தது. நான் அவரிடம் லக்கேஜ் ரசீதை வாங்கவில்லை. ரசீது வாங்காமல் சாமானை ஸ்டேஷனுக்கு வெளியே விட்டிருக்கிறேன். தெரிந்தால் என் வேலைக்கே உலை. மத்தியானம்வரை வேறு வண்டி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு, அந்தக் குதிரை வண்டியிலேயே ஏறிச் சைக்கிளைத் துரத்திக்கொண்டு போனேன்.

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேலகரத்தில் ஒரு டீக்கடை வாசலில் சுடலை அண்ணாச்சி முழங்கையில் சிராய்ப்போடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இது மனுசன் ஓட்டுத சைக்கிளே இல்ல. எடது காலு அந்த வாருக்குள்ள மாட்டிக்கிட்டு வரமாட்டேங்கி" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். வலது மிதியில் ரப்பர் தேய்ந்து தேய்ந்து இரும்பு தெரிந்தது. இடது மிதி அப்போதுதான் கடையில் வாங்கியது போலப் புத்தம் புதிதாக இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கீழ்த்தள அறை, கோயில் வாசல், அருவியில் சீட்டின் மேல் ஊன்றிய கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில், காற்றில் ஹாண்டில்பாரைத் தேடிய அந்தக் கை வந்தது. சுடலை அண்ணாச்சியிடம் ரசீது வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்குப் போனேன். அவர் எப்படி ஓட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இடது காலை வாருக்குள் விட்டுச் சும்மா வைத்துக்கொண்டு வலது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். இலஞ்சி வளைவில் எதிரே மாட்டு வண்டி வந்தது. காலை எடுக்கத் தெரியாமல் சைக்கிளோடு வயலோரம் விழுந்தேன். வேட்டியெல்லாம் சேறு. எழுந்து முதலில் சைக்கிளைத் துடைத்தேன்.

செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம் பக்கம் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிளாட்பாரத்தில் பாதிப் பேர் மலையாளம் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி போய்விட்டிருந்தது. கடைசிப் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி. முழங்கால் மேல் பேப்பரை விரித்து வைத்திருந்தார். படிக்கவில்லை. பேப்பரின் ஓரத்தில் தெரிந்த பேண்ட்டில் செம்மண். உள்ளங்கை இரண்டும் உராய்ந்து சிவந்திருந்தன.

சைக்கிளை அவர் கைக்கெட்டும் இடத்தில் கொண்டு போய் நிறுத்தினேன். வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"சார், ரசீது வாங்காம சைக்கிள வெளிய விட்டது ஏந் தப்பு. தெரிஞ்சா வேலையக் காலி பண்ணிருவாவ. ஒடயவுக கையில கொடுத்து ரசீத வாங்கணுங்கது சட்டம். நீங்க வண்டியப் பிடிச்சுக்கிட்டு ரசீதக் கொடுத்திருங்க" என்றேன்.

அவர் ஹாண்டில்பாரில் கை வைத்தார். உடனே எழுந்திருக்கவில்லை. என் வேட்டியைப் பார்த்தார்.

"விழுந்துட்டீங்களா?"

"ஆமா சார். இலஞ்சி வளைவுல."

"வாருக்குள்ள காலை விட்டீங்களாக்கும்" என்றார். பிறகு பேப்பரை முழங்காலிலிருந்து எடுத்து மடித்தார். "நானும்தான் விழுந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். ரசீதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் மத்தியான வண்டிக்குள் ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும் என்றதும், "பின்னாடி ஏறுங்க" என்றார். எனக்குத் தயக்கம். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பேசாமல் ஏறிக்கொண்டேன். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு லேசான இறக்கம். சாரல் முகத்தில் அடிக்க, ஒற்றைக் காலால் என்னையும் சுமந்துகொண்டு அவர் மிதித்தார். வழியில் பார்த்த ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. சேறு பூசிய ஒரு ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போகிறார், அவ்வளவுதான்.

என் மனைவியிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அவள் தொடர்ந்து அவருக்குத் திருகு கழண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் போட்டேன்.

அடுத்த வருஷம், அதுதான் ஏழாவது, அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தார். ஜன்னலில் வழக்கம் போல அந்தத் தலை தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் சைக்கிள் வருகிற வழியைக் காணோம். கொல்லத்துக்குப் போக ராஜபாளையத்தில் ஏற்றிய மாம்பழக் கூடைகள் சைக்கிளை மறைத்துக் கூரைவரை அடுக்கியிருந்தன. சுடலை அண்ணாச்சி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் தாமதமாகிவிட்டது, இறங்குகிறவர்கள் சீக்கிரம் இறங்கட்டும் என்று கார்டு கத்த ஆரம்பித்தார். பிளாட்பாரம் நிறையக் கூட்டம். நான் பெட்டி வாசலில் போய் நின்றேன். இன்னொரு தடவை செங்கோட்டைக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அவர் வாசலுக்கு வந்தார். கார்டு பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க" என்றார்.

நின்றேன். என் இடது தோளில் கையை வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு, மெதுவாகப் படியிறங்கினார். இறங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. ஊரில் ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொண்ட இரண்டு சிநேகிதர்கள் தோளில் கைபோட்டு நின்று பேசுகிற மாதிரி நின்றோம். மேலே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"மெட்ராஸ்ல நான் பஸ்ல ஏறினா எல்லாரும் எழுந்து இடம் கொடுப்பாங்க. ஆபீஸ்ல ஒருத்தரும் என்னோட சண்டை போட மாட்டாங்க. எல்லாருக்கும் நான் பாவம். வருஷத்துல பத்து நாள், உங்க ஊர்லதான் நான் கிறுக்கன்."

அதற்குள் சுடலை அண்ணாச்சி சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்துவிட்டார். குதிரை வண்டிக்காரர், காண்டீன்காரர் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒரு நொடி போனால் அவர்கள் அந்தக் கையைப் பார்ப்பார்கள், பிறகு காலைப் பார்ப்பார்கள். நான் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.

"சார், ஒங்க சைக்கிளால வருசா வருசம் எனக்கு இதே ரோதனையாப் போச்சு. அருவில குளிப்பாட்டுதிய. கட்டிலுக்குப் பக்கத்துல படுக்க வைக்கிய. அடுத்த வருசம் அதுக்கும் ஒரு டிக்கெட்டு எடுத்து, பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க. எங்களுக்கு வேற சோலி இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மெட்ராஸ்காரருக்கு நல்லா வேணும் என்றார் குதிரை வண்டிக்காரர். சைக்கிள் சார் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஏழு வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"எடுத்துட்டு வரேன். அதுக்கு ஜன்னலோர சீட்டுதான் வேணும், சொல்லிட்டேன்" என்றார் அவரும் சத்தமாக.

என் தோளிலிருந்து கையை எடுத்து ஹாண்டில்பாரைப் பிடித்தார். ரசீதை நீட்டினார். கூட்டம் சைக்கிளுக்கு வழி விட்டது. நான் பார்சல் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன். சாரலில் என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது தோளில், அவர் கை இருந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.